அத்தானைக் கொல்ல மூன்று வரைவுகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய கட்டுரையாகத்தான் பிறந்தது. எழுத வேண்டியவள் என் அக்கா மகள். எழுத உட்கார்ந்தவன் நான். குடும்பத்தில் பொய்யை அச்சில் ஏற்றிப் பழகியவன் நான் ஒருவன்தானே.

எங்கள் அரசுப் பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கையைச் சீர்திருத்திவிட்டது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் பயிற்சி மையத்துக்குப் போக வசதியுள்ள பிள்ளைகளே உள்ளே வருகிறார்கள் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. உண்மைதான், நானும் கைதட்டினேன். குழு சொன்ன மருந்து: இனி பாதி மதிப்பெண் ‘நான் கடந்து வந்த துயரம்’ என்ற கட்டுரைக்கு. துயரத்துக்குச் சான்று கேட்கக் கூடாது, கேட்டால் பிள்ளைகளின் மனம் புண்படும் என்று விதியிலேயே போட்டுவிட்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய்கள் அழுதுகொண்டே விதியும் எழுதுகின்றன.*

(* குழு உறுப்பினர் யாராவது படித்துக்கொண்டிருந்தால், வணக்கம் ஐயா. உங்களைச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரைச் சொன்னேன்.)

2

மருந்து வேலை செய்ததா? எங்கள் தெரு முனைப் பயிற்சி மையத்தில் கணக்குச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யவைத்த ‘சூத்திரம் சார்’, ஒரே வாரத்தில் பலகையை மாற்றி, ‘துயரக் கட்டுரைப் பயிற்சி’ என்று எழுதிவிட்டார். அதே பெஞ்சு, அதே மின்விசிறி. அக்கா மகளை அழைத்துப் போனேன்.

“அப்பா இருக்காரா?”

“இருக்கார் சார். லிஃப்ட் மெக்கானிக்.”

“குடிப்பாரா?”

“இல்ல சார்.”

“அம்மாவை அடிப்பாரா?”

“அம்மாதான் அவரைத் திட்டுவாங்க.”

சார் பேனாவை மூடினார். “என்னம்மா, வெறுங்கையோட வந்து நிக்கிற. அப்பாவை எடுத்துடலாமா? சான்று கேக்க மாட்டாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அவர் முகத்துக்கு நேரே

[இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். நான் எழுந்திருக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டேன்.]

3

முதல் வரைவு: ‘என் தந்தை இறந்த அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில்’

வேண்டாம். இந்தச் சேர்க்கையில் ஊரிலுள்ள அத்தனை தந்தையரும் மழையில்தான் சாவார்கள்.

இரண்டாம் வரைவில் லிஃப்ட் கயிறு அறுந்து அத்தான் விழுந்தார். மனம் உருக எழுதியிருந்தேன். அக்கா மகள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமா, கயிறு அறுந்தா லிஃப்ட் அப்படி விழாது. வேகம் கூடின உடனே ரெண்டு பக்கமும் இருக்கிற தண்டவாளத்தை அதோட பிரேக் கவ்விப் பிடிச்சிக்கும். வேணும்னா அப்பாவையே கேளுங்க.”

சம்பந்தப்பட்ட பிணம் அப்போது தட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கதாபாத்திரம் என்ற அளவில் அத்தான் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், தூங்குகிறார். இப்படி நல்லபடியாக இருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு யார்தான் இலக்கியம் செய்வது?

“தாராளமா கொல்லு மாப்ள,” என்றார் அத்தான். “வலிக்காம கொல்லு, அவ்வளவுதான்.”

“உன் கதையில எத்தனை பேரை சாகடிச்சிருக்க,” என்றாள் அக்கா. “சொந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆளை சாகடிக்க இவ்வளவு யோசிக்கிற!”

மூன்றாம் வரைவில் அத்தான் உறக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சூத்திரம் சார் இதைத்தான் ‘நிச்சயம் தேறும்’ என்றார்.

4

இதற்கிடையில் அவளும் ஒன்று எழுதியிருந்தாள். அப்பாவுடன் ஒரு கட்டடத்தின் உச்சியிலுள்ள மோட்டார் அறைக்குப் போனாளாம். ஆளில்லாத லிஃப்ட்டின் பிரேக்கை விட்டால் அது கீழே இறங்கும் என்று நினைத்தாளாம். மேலே ஏறியதாம்! மறுபக்கம் தொங்கும் எடைதான் அதைத் தூக்குகிறது என்று அப்பா காட்டினாராம். அந்த எடையை எவ்வளவு வைப்பது என்று முதலில் கணக்குப் போட்டவர் யார், எப்படிப் போட்டார் என்று அன்றிலிருந்து யோசிக்கிறாளாம். அதைப் படிக்கத்தான் பொறியியல் கேட்கிறாள். அவள் கட்டுரையை வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒப்பனையே இல்லாமல் இப்படி எழுத எனக்கு வராது.

சூத்திரம் சாரும் படித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் சாகலையே?”

அவரைத் திட்டாதீர்கள். நீங்கள் மட்டும் என்ன, இந்தத் தலைப்பைப் பார்த்துத்தானே உள்ளே வந்தீர்கள்?

5

முடிவுகள்:

(அ) மூன்றாம் வரைவை அனுப்புகிறோம். இடம் கிடைக்கிறது. சீர்திருத்தத்தின் வெற்றி என்று குழு அதை அச்சடித்து, கணவனை இழந்த தாயை மேடைக்கு அழைக்கிறது. (இதைச் சொன்னதும் அக்கா தாலியைத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை அவள் அத்தானைத்தான் கொன்றிருந்தாள், தன்னை யோசிக்கவில்லை.)

(ஆ) அவள் எழுதியதை அனுப்புகிறோம். இடம் இல்லை. ‘மேலும் வாழ்க்கை அனுபவம் பெற்று வருக’ என்று கனிவான பதில் வருகிறது.

(இ) அவள் எழுதியதற்கே இடம் கிடைக்கிறது. இதையும் எழுதிப் பார்த்தேன். எழுதிய கையே நம்பவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் இன்றுதான். கணினித் திரையில் இரண்டு கட்டுரைகளும் திறந்திருக்கின்றன. அத்தான் மகளின் தோளைத் தட்டி, “நான் செத்ததையே அனுப்பும்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது,” என்கிறார். அவர் சிரிக்கத்தான் பார்க்கிறார்.

அவள் என் பக்கம் திரும்புகிறாள்.

“மாமா, சீட்டு கிடைச்சப்புறம் அப்பா எப்போ உயிரோட வரலாம்?”

குழுவின் விதிகளைப் புரட்டுகிறேன். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

[இங்கே ஒரு முடிவு இருந்தது. அடித்துவிட்டேன்.]

அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அத்தான் பக்கத்திலேயே நிற்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.