மணிக்கூண்டுக்கு நேரம் சொன்னவர்

நகர மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து லென்ஸ்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. சுற்றுலா வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக அழைத்துப்போய், இங்கேயே பிறந்து வளர்ந்தவரைப் போல ஊரைக் காட்டத் தெரிந்தவர்கள் தேவை என்று அதில் போட்டிருந்தது. தேர்வானால் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் பிழைப்பு. கல்யாணமாகி மனைவியின் ஊருக்கே குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது. இன்னமும் மளிகைக் கடைக்காரர் அவரைப் பார்த்தால், "உங்க ஊர்ல மழை எப்படி?" என்றுதான் விசாரிப்பார். அந்த வில்லையைக் குத்திக்கொண்டு ஒருநாள் மளிகைக் கடைக்குள் நுழைய வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ஊர் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். படிக்கட்டுத் தெருவில் வருடத்துக்கு ஒருநாள் எல்லா வீட்டு நாற்காலியும் வாசலுக்கு வந்துவிடும். யாரும் யார் நாற்காலியிலும் உட்காரலாம். கிழக்குப் பாலத்துச் சிங்கத்துக்கு ஒரு காது கிடையாது; அதைச் செதுக்கியவன் கூலித் தகராறில் அப்படியே விட்டுப்போனான். இதெல்லாம் முதல் வாரமே மச்சினன் அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றியபோது காதில் ஓதியது.

மணிக்கூண்டு சங்கதியும் அவன் சொன்னதுதான். அந்தக் கடிகாரம் எப்போதும் ஏழு நிமிடம் தாமதம். எத்தனை பேர் ஏறிப் பார்த்தும் வழிக்கு வரவில்லை.

"அதைத் தாண்டிப் போறப்ப வலது காதைப் பிடிச்சுக்கிட்டு, சரியான நேரத்தைச் சத்தமா சொல்லணும் மாமா. அதுக்கு ரோஷம் வரணும்ல?"

"யாரும் சொல்ற மாதிரி தெரியலையே!"

"இங்க பொறந்தவங்க மனசுக்குள்ள சொல்லிடுவோம். புதுசா வந்தவங்கதான் வாய்விட்டுச் சொல்லணும்."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அன்றைக்குப் பிடித்த காதை லென்ஸ்காரர் விடவில்லை. தினமும் காலை எட்டு இருபதுக்கு மணிக்கூண்டின் அடியில் நின்று, காதைப் பிடித்து, நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போவார். பூக்கடைப் பெண்மணியும் செருப்புத் தைப்பவரும் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைப்பார்கள். நம்மையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அவருக்கு மனம் குளிர்ந்துபோகும். மகள் நடக்கப் பழகியதும் அவளும் பக்கத்தில் நின்று குட்டிக் காதைப் பிடித்துக்கொண்டாள். மனைவிக்கு மட்டும் அந்த இடத்துக்கு வந்தாலே செருப்பு வார் கழன்றுவிடும். "நீங்க முன்னாடி போங்க" என்று பத்தடி பின்னால் குனிந்துவிடுவாள். லென்ஸ்காரர் அவளுக்கு இதுவரை மூன்று ஜோடி புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார், பாவம்.

சனிக்கிழமை நேர்முகம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் நகர மன்றத் தலைவி, ஒரு பக்கம் நூலகர், மறுபக்கம் முப்பத்தைந்து வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற பெரியவர். முதல் பத்து நிமிடம் லென்ஸ்காரர் வெளுத்து வாங்கினார். சிங்கத்தின் கதைக்கு நூலகரே வாய்விட்டுச் சிரித்தார். தலைவி மளமளவென்று குறித்துக்கொண்டார். வில்லை சட்டையில் ஏறிவிட்டது மாதிரியே இருந்தது.

"கடைசியா ஒண்ணு. இது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது" என்று எழுந்து நின்றார் லென்ஸ்காரர். வலது காதைப் பிடித்தார். கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கூரையை நோக்கி, "மணி பதினொண்ணு இருபது!" என்றார்.

தலைவியின் பேனா பாதியில் நின்றது.

"இது என்னங்க?" என்று கேட்டார் தலைவி.

லென்ஸ்காரர் விளக்கினார். விளக்க விளக்க, அவர் குரலே அவருக்கு அந்நியமாகக் கேட்டது.

"நான் மணிக்கூண்டுக்கு எதிர்வீட்டுல பொறந்தவ. அப்படி ஒரு வழக்கமே கிடையாதே!"

தபால்காரர் மேசையைத் தட்டினார். "அட, நீங்கதானா அந்த டைம் சார்!" என்றவர், சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்க கடை வச்சிருக்கவங்க அப்படித்தான் பேசிக்குவாங்க. டைம் சார் வந்து கத்திட்டாரு, கடையைத் திறங்கன்னு. எல்லாம் பாசமாத்தான்."

லென்ஸ்காரர் காதிலிருந்து கையை எடுத்தார். இத்தனை நேரம் பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"அப்ப நாற்காலி விழா?" என்று மெல்லக் கேட்டார்.

"அது நிஜம்தாங்க" என்றார் நூலகர். "சிங்கமும் நிஜம்தான்."

நூறு உண்மைக்கு நடுவில் மச்சினன் ஒரு பொய்யைச் செருகியிருக்கிறான். தலைவி நோட்டை மூடி, அடுத்த வருடம் மறுபடி முயற்சி செய்யலாமே என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மச்சினன் சாப்பாட்டில் இருந்தான். சனிக்கிழமை மதியம் அவனுக்கு அக்கா வீட்டில்தான் கை நனையும். மணிக்கூண்டு என்றதும் விழித்தான். ஞாபகம் வந்தபோது அவனுக்குப் புரையேறிவிட்டது.

"ஐயையோ, இத்தனை வருஷமாவா? சும்மா விளையாட்டுக்குச் சொன்னது மாமா! சாயங்காலமே அக்கா உங்ககிட்ட போட்டு உடைச்சிருப்பான்னுல்ல நினைச்சேன்!"

லென்ஸ்காரருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற ஜன்மம் அது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். துடைத்த தட்டையே அவள் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அந்த முதல் வாரத்துலேர்ந்து. நானும் இந்த ஊர்க்காரனாயிட்டேன்னு அவ்வளவு ஆசையா வந்து சொன்னீங்க. அன்னைக்கு மனசு வரலை. அப்புறம் மாசமாச்சு, வருஷமாச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது?"

அதுகூட அவருக்குப் புரிந்தது. தட்டை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் வாசலில் கிடந்த அவளுடைய செருப்பு கண்ணில் பட்டது. போன மாதம் வாங்கியது. வார் கல் மாதிரி இருந்தது.

"அப்ப அந்த வார் கழண்டதெல்லாம்?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. ஊரே பார்த்துச் சிரிக்கும்போது இந்த ஆளோடு வந்தவள் என்று தெரியாமலிருக்கப் பத்தடி தள்ளி நின்றிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு முறையும். பொய் சொன்னவனை மன்னிக்கலாம். தன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டுக் குனிந்துகொண்டவளை என்ன செய்வது?

"பாப்பாகிட்டயாவது சொல்லாம இருந்தியே" என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சினன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். ஸ்கூல்ல யாரோ கேலி பண்ணி அழுதுகிட்டு வந்தா. சொல்லிட்டேன். அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னேன்."

அன்று முழுக்க லென்ஸ்காரர் யாரோடும் பேசவில்லை. ஞாயிறும் பேசவில்லை. ஆனால் இரண்டு நாளும் ஒரே ஒரு நினைப்பை மட்டும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்த பிறகும் பாப்பா தன் பக்கத்தில் நின்று காதைப் பிடித்திருக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை, அம்மாவைப் போலத் தள்ளி நிற்கவில்லை. அவள் என் பக்கம்.

திங்கட்கிழமை காலை அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். மணிக்கூண்டின் அடிக்கு வந்ததும் பாப்பா நின்றாள். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கை காதுக்குப் போனது. அந்தப் பார்வையை அவர் இதற்கு முன் கவனித்ததில்லை.

"வேண்டாம்மா" என்றார். "அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அது மாமா சும்மா சொன்னது."

கை பட்டென்று கீழே இறங்கியது.

"நிஜமாவாப்பா? இனிமே செய்யவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்பாடா!" என்றாள் பாப்பா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிந்தவள் போல முகமெல்லாம் சிரித்தாள். "தினமும் எவ்வளவு வெக்கமா இருக்கும் தெரியுமாப்பா?"

எதிர்ச் சாரியில் அவள் தோழிகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நீ முன்னாடி போம்மா, வரேன்" என்றார் லென்ஸ்காரர். பாப்பா ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். பூக்கடைப் பெண்மணி வழக்கம்போல் கையசைத்தார். அதைப் பார்க்காதவர் மாதிரி அவர் கீழே குனிந்து, கழலாத செருப்பு வாரை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.