திரும்பி வருவார் என்பதற்கு அத்தாட்சி

"சொந்த வீடு உண்டா?" என்று தூத்துக்குடி இலங்கை விசா ஆபீஸில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கேட்டபோது நூஹு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று.

"எனக்கு ஏது வீடு? நான் இருக்கது பெண்டாட்டி வீடு" என்றார், சற்றுப் பெருமையாகவே.

காயல்பட்டினத்தில் எந்த ஆண்பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அங்கே நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்கள் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்து அனுப்புவார்கள். ஊரில் சுவர் எழும்பும். பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏறும். நூஹுவும் கொழும்பில் கால் நூற்றாண்டு ஜவுளிக்கடை நடத்தி ஒரு புது வீடு கட்டினார். அது மகள் சக்கீனாவின் பேரில் இருக்கிறது. தன் பேரில் வீடு வைத்துக்கொள்ளும் ஆணைக் கண்டால், பெண்டாட்டியோடு என்ன தகராறோ என்று ஊர் கிசுகிசுக்கும்.

அதிகாரிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. பேனாவை எடுத்தார், 'வீடு இல்லை' என்று எழுதினார். நிலம்? இல்லை. இந்தியாவில் தொழில்? அதுவும் இல்லை, கடை கொழும்பில்.

"அப்படியானால் நீர் திரும்பி வருவீர் என்பதற்கு என்ன அத்தாட்சி?"

நூஹுவின் காது மடல் ஜிவ்வென்று சிவந்தது. சட்டைப் பையில் தந்தி கிடந்தது. மகன் காஜா முஹ்யித்தீன் கொழும்பு ஆஸ்பத்திரியில், குடல் காய்ச்சல், உடனே வரவும். சக்கீனாவின் நிக்காஹுக்காகக் கடையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர் அவர். வந்த இடத்தில் நாற்பத்தொன்பதாம் வருஷத்து நவம்பர் மாதம் குறுக்கே விழுந்தது. இலங்கையில் புதுச் சட்டம். அதுவரை தூத்துக்குடியில் டிக்கெட் வாங்கி, டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஏறினால் விடியும்போது கொழும்பு. இப்போது விசா, அதுவும் விசிட்டர் என்ற பேரில். சட்டம் வந்த அன்று அவர் அங்கே இல்லை என்பதால், அவர் அங்கே வாழ்ந்த காலம் முழுவதும் யாரோ ஈரத்துணி போட்டுத் துடைத்ததுபோல் அழிந்துபோயிற்று.

"எம் புள்ள சாகக் கிடக்கான்!" மேஜையில் ஓங்கி அறைந்தார். மைக்கூடு துள்ளியது. "அந்த ஊருல எந்தத் தெருக் குழாயில எப்பம் தண்ணி வரும்னு எனக்குத் தெரியும். என்னையப் பாத்து விசிட்டர்ங்கீங்களே!"

"விசிட்டராகப் போகவே தகுதி இல்லை என்றுதான் சொல்கிறேன்" என்றார் அதிகாரி. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வாசலில் ஜட்கா வண்டி நின்றது. திரைக்குப் பின்னால் முத்து பீவி, மகனுக்கென்று கட்டிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். புருஷனைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவள். அவள் ஊரில் பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகள் உண்டு. அவற்றைத் தாண்டி அவள் வந்ததே அபூர்வம்.

ஆபீஸ் குமாஸ்தா ஜீவமணி பின்னாலேயே ஓடி வந்தான். தூத்துக்குடிக்காரன், நூஹுவைப் பல வருஷமாகத் தெரிந்தவன்.

"அண்ணாச்சி, கோவப்படாதீய. அக்கா பேருல இருக்க வீட்ட உங்க பேருக்கு மாத்திப் பத்திரத்தக் கொண்டாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இவுக பேருக்கா? அது எங்க உம்மா எனக்குத் தந்த வீடு. எங்க வாப்பா ஒரு ஆணி அடிக்கணும்னாலும் உம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் அடிப்பாக. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவுக எல்லாருமே விசிட்டர்தான்."

"அப்பம் காஜா?" என்று நூஹு சீறினார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். தன் பேரில் அந்த வீடு ஏறினால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? மகனின் உயிருக்கு முன்னால் அதெல்லாம் ஒரு யோசனையா? எவனோ ஒரு கோட்டுக்காரன் இப்படி இரண்டையும் தராசில் வைத்து நிறுக்கச் சொல்கிறானே என்று வயிறு எரிந்தது.

திரை லேசாக அசைந்தது. "தம்பி, வீடு உள்ளவுகளுக்குத்தான் விசாவா?"

"ஆமாக்கா."

"அப்பம் எனக்குத் தரச் சொல்லுங்க. எம் பேருல வீடு இருக்குல்லா."

ஜீவமணி திறந்த வாயை மூடாமல் உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவனுக்கு நூஹுவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "ரூல்படி அக்காவுக்குத் தரலாமாம். ஆனா போட்டோ வேணும். முக்காடு கூடாது. நெத்தி, காது எல்லாம் தெரியணுமாம்."

"எம் பெண்டாட்டி காத வச்சு அவன் என்னவே செய்யப் போறான்?" நூஹு ஆபீஸ் பக்கம் கையை நீட்டிக் கத்தினார். "கொழும்பையே தெரிஞ்சவன் இங்கன நிக்கேன். முடுக்கத் தாண்டாதவ விசிட்டரா? ஒத்தப் பொம்பளை எப்படிப் போவா?"

"எங்க சித்தி பிளாரன்ஸ் அடுத்த கப்பல்ல போறா. கூடவே இருந்து ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுவா" என்றான் ஜீவமணி.

"கத்தாதீங்க" என்றாள் முத்து பீவி. "போட்டோ எங்கன எடுக்கணும்னு கேளுங்க."

ஸ்டுடியோ அதே தெருவில்தான் இருந்தது. கதவின் ஒரு பலகை பெயர்ந்து கிடந்தது. தெருவில் மூட்டை சுமப்பவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்த முத்து பீவி வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். நூஹு அதை விரித்துப் பிடித்து, தெருவைப் பார்த்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வெளிச்சத்த மறைக்கீங்களே" என்றார் போட்டோக்காரர்.

"மறைக்கட்டும். மேல கண்ணாடிக் கூரை இருக்குல்லா, அது போதும்."

தோணித்துறையில் லாஞ்சு ஊதியது. அவர் ஏற வேண்டிய கப்பலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் லாஞ்சு. நூஹு கேட்காதவர்போல் தொண்டையைச் செருமினார்.

"ஏளா, கேட்டுக்கோ. சுங்கத்த விட்டு வெளிய வந்ததும் மணிக்கூண்டு தெரியும். ரெண்டு பேரும் அதப் பாத்து நடங்க. பொரளை டிராம்ல ஏறணும்..."

"அசையாதீங்கம்மா" என்றார் போட்டோக்காரர்.

கடல் காற்று துப்பட்டியைத் தோணிப் பாய்போல உப்பி அடித்தது. அவர் இரண்டு கைகளையும் அகல விரித்து, துணியின் முனைகளை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டிராம விட்டு எறங்கினா, எதுத்தாப்புல ஒரு பூக்கடை இருக்கும்..."