ஆபத்து இல்லாத காடு

“வெட்டுற உத்தேசம் உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!” அருள்பிரகாஷ் எரிந்து விழுந்தான்.

பிச்சையா சிரித்துவிட்டார். “என்னங்க தம்பி, கேட்டதையே கேக்குறீக? வனப்பேச்சி சோலையில எங்காளுக ஒரு குச்சி ஒடிச்சதில்ல.”

“அங்கதான் பிராப்ளம்!”

அட்டுவம்பட்டிக்காரன் அருள்பிரகாஷ். கொடைக்கானலில் டூரிஸ்ட் கைடாக இருந்தவன், இப்போது ஒரு கார்பன் கம்பெனியின் ஏஜென்ட். வெளிநாட்டில் புகை கக்குகிறவர்கள், இங்கே காடு அழியாமல் நிற்பதற்குப் பணம் கொடுப்பார்கள். அதை ஊருக்கு வாங்கித் தருவது அவன் வேலை.

“அழியப்போற காட்டைக் காப்பாத்தினாத்தான் துட்டு. ஒங்க காடு சும்மாவே நிக்குது. சும்மா நிக்கிறதுக்கு எவன் குடுப்பான்?”

“அப்ப ஜீப்பு?” என்றாள் பிச்சையாவின் மனைவி மூக்கம்மா.

கேட்டது ஜீப்பை, கவலை மகளைப் பற்றி. கிளாவரைக்கு மேலே கிடக்கும் அவர்கள் ஊரான சருகுப்பாறைக்கு வண்டி கிடையாது. ஆம்புலன்ஸ் கிளாவரையோடு நின்றுவிடும். அதுவரை நோயாளியைக் கம்பளியில் கட்டி, கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மகள் சத்தியபிரியாவின் தலைப்பிரசவம் பாதி வழியில், அந்தக் கம்பளிக்குள்ளேயே நடந்தது. பிள்ளை அழவே இல்லை. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். முதல் பணத்தில் ஊருக்கு ஜீப் என்று ஆசை காட்டியவனே அருள்பிரகாஷ்தான்.

“ஜீப்பு வரணும்னா மரம் விழணும்,” என்றான் அவன். “பத்து மரம் போதும். ‘அய்யய்யோ, காடு போச்சே’ன்னு கம்பெனிக்காரன் ஓடி வருவான். மிச்சக் காடு தப்பிச்சிரும். ஒங்க மகளும் தப்பிச்சிரும்.”

“கேஸு கீஸு ஆயிராதுல்ல?” என்றார் பிச்சையா.

“நான் எதுக்குங்கய்யா இருக்கேன்?”

வேறு ஊராக இருந்தால் ஓசைப்படாமல் வெட்டியிருப்பார்கள். சருகுப்பாறையில் அது நடக்காது. சோலையிலிருந்து தேன் எடுப்பதானாலும் பட்டப்பகலில், ஊர் பார்க்க, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் பேரையும் தகப்பன் பேரையும் எதை எடுக்கப்போகிறோம் என்பதையும் சொல்லி, காட்டுத் தெய்வமான வனப்பேச்சியிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

பிச்சையாவும் அப்படியே கேட்டார். “வெள்ளையன் மகன் பிச்சையா வந்திருக்கேன் தாயீ. பத்து மரம் வெட்டப் போறேன். ஊரு மேல குத்தமில்ல. எல்லாம் என் தலையில.”

அருள்பிரகாஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்தான். “இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்கய்யா. அம்மனுக்குக் கேக்கட்டும்.”

கண் கலங்க, இன்னும் சத்தமாகச் சொன்னார். “ஏலே செந்தில்வேலு, கோடாலியக் குடு,” என்று தம்பி மகனிடம் கை நீட்டினார்.

வெட்டுவாயில் ஈரம் காயுமுன்னே வனத்துறை வந்து நின்றது. ரேஞ்சர் போனில் வீடியோவைக் காட்டினார். “அட, இது நம்ம தம்பி எடுத்ததுல்ல?” என்று வெள்ளந்தியாகக் கேட்ட பிச்சையாவின் கையில் விலங்கு விழுந்தது.

செந்தில்வேல் ஓடிப்போய் அருள்பிரகாஷின் சட்டையைப் பிடித்தான். “நீதானடா அனுப்புன?”

“நானேதான். கைய எடு.” அவன் அசரவில்லை. “காத்துல விழுந்த மரம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டா? இப்ப காட்டுக்கு ஆபத்துன்னு கவர்மென்டே கேஸு போட்டிருக்கு. இதைவிட ப்ரூஃப் ஏது? சரி, ஜீப்பு வரப் போகுது. டிரைவர் வேணும். நீ ஓட்டுவீல்ல?”

சட்டையிலிருந்து கை மெல்ல இறங்கியது.

ஜீப் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: காட்டை அழித்தவனின் மனைவி மக்களுக்குத் திட்டத்தின் பலன் எதுவும் கிடையாது. ஊர்க்கூட்டம் தலையாட்டியது. மூக்கம்மாவின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சத்தியபிரியாவுக்கு வலி கண்ட அன்று வெள்ளனே, வெட்டிய இடத்தைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பிச்சையா இன்னும் சிறையில். மூக்கம்மா ஜீப்பின் முன்னால் போய் விழுந்தாள்.

“பெரியம்மா, வண்டிக்குள்ள கேமரா இருக்கு,” என்றான் செந்தில்வேல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. “ஏத்துனா எல்லாம் போயிரும்ங்கிறாரு.”

“என் கையால சோறு தின்னு வளந்தவன்டா நீ!”

அருள்பிரகாஷ் குனிந்தான். “ரூல்ஸுக்கு நான் என்னம்மா பண்றது? ஒங்க வீட்டுக்காரர் மரத்தை வெட்டாம இருந்திருக்கலாம்ல?”

நாலு பேர் கம்பளியைக் கட்டித் தூக்கினார்கள். அதற்கு மட்டும் ஊரில் தடை இல்லை. பாதி மலை இறங்கியிருப்பார்கள், பின்னால் ஹாரன் அலறியது. ஜீப்புக்காக அகலப்படுத்திய பாதைதான். ஆனால் ஜீப்புக்கு மட்டுமே இடம். சுமந்தவர்கள் முள்ளுக்குள் ஒதுங்கிக் கம்பளியை இறக்கினார்கள். ஜீப் அவர்களை ஒட்டி மெதுவாக ஊர்ந்தது. உள்ளே இருந்த வெள்ளைக்காரி ஏதோ கேட்டாள்.

“லோக்கல் டிரெடிஷன், மேடம்,” என்றான் அருள்பிரகாஷ்.

அவள் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். செந்தில்வேல் திரும்பவே இல்லை.

புழுதி அடங்கியது. “வெரசாத் தூக்குங்கப்பா,” என்று ஒருவன் கம்பைத் தோளில் வைத்தான். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த முனகல் இப்போது இல்லை. மூக்கம்மா கம்பளியை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்ப மூடினாள்.

“மெதுவாவே போங்கப்பா,” என்றாள். “இனி என்ன அவசரச் சோலி கெடக்கு.”