தழும்பு இல்லாத கழுத்து

நான் பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்கிறவன். வருகிற ஒருவனும் முதலில் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை; கீறலைத்தான் தடவிப் பார்ப்பான். பதினெட்டு வருஷம் கீறலை மறைத்தே பிழைத்தவனுக்குப் புத்தி வேறு எந்தப் பக்கம் போகும்?

தங்கைக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பேருந்து நிலைய ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் சுவரெல்லாம் பூச்சு உதிர்ந்திருந்தது. கழுத்தில்தான் வெட்டுவேன், தழும்பு நிற்கும், ஆனால் குரல் நரம்பை மெஷின் வைத்துக் கவனித்தபடியே செய்வேன் என்றார் வயசான டாக்டர். எத்தனை பேருக்குக் குரல் போயிருக்கிறது என்று இவள் கேட்டாள். அவர் நோட்டைப் புரட்டி, முந்நூற்றுச் சொச்சம் பேரில் இரண்டு பேருக்கு என்றார். அவளுக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது.

எனக்கு நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் வாய் வழியாகவே கட்டியை எடுத்துவிடுவார்களாம், கழுத்தில் ஒரு கோடு விழாதாம். முகம் பார்க்கலாம் போலத் தரை. தொண்ணூற்றெட்டு சதவீதம் வெற்றி என்றாள் வரவேற்பறைப் பெண். எதில் வெற்றி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு படிவம் கொடுத்தார்கள். சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு எது முக்கியம், ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்துங்கள் என்றிருந்தது. தங்கை ஸ்கேனுக்குப் போயிருந்த நேரம் நானே நிரப்பினேன். தழும்பு இல்லாமைக்கு ஒன்று. குரலுக்கு ஐந்து. குரல் போகும் என்று எவனாவது நினைப்பானா? நினைத்தவள் உள்ளே ஸ்கேனில் படுத்திருந்தாள்.

வந்து பார்த்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணா, குரலைக் கடைசியில போட்டிருக்கியே?"

எல்லாம் ஒன்றுதான், கையெழுத்தைப் போடு என்று எரிந்து விழுந்தேன். போட்டாள். என் பேச்சைத் தட்டாதவள், பாவி மகள்.

ஆபரேஷன் வெற்றி என்றார்கள். கழுத்தில் கோடு இல்லை. குரலும் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. ஆறு மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். எட்டு மாதம் ஆயிற்று. பேருந்து நிலையத்தில் இப்போது வேறொருத்தி பேசுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், அவளிடம் பேச்சுக் கொடுத்தார்கள், அப்புறம் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

நேற்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் மெஷின் பேசியது. சிகிச்சையின் பலனில் உங்களுக்குத் திருப்தியா, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

தங்கை போனை வாயோடு ஒட்டிவைத்து, இல்லை என்றாள். பதில் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றது. நரம்பு புடைக்கச் சொன்னாள். கேட்கவில்லை என்றது.

போனை என் பக்கம் நீட்டினாள். அவள் சொல்வது கேட்பதற்கு நான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"நீயே சொல்லிடு அண்ணா. அன்னிக்கும் எனக்காக நீதானே எழுதின."