சங்கரபாண்டியின் மெமரி கார்டு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த செல்போன் கடையில் சங்கரபாண்டியும் கற்பகமும் காலை பத்து மணியிலிருந்து நின்றார்கள். கடைக்காரப் பெண் வனிதா முன்னால் வந்தவர்களை அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, பாட்டு ஏத்தணுமா?"

"பாட்டு கேக்குத நெலமையிலயா இருக்கோம்? இதுல ஒரு போட்டோ இருக்கு. பெருசாப் போட்டுக் குடு தாயி."

மடித்த பஸ் டிக்கெட்டுக்குள்ளிருந்து விரல்நகம் அளவு கார்டை எடுத்துக் கொடுத்தார். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் போட்டிருக்கும் சோலார் கம்பெனியில் அவர் வாட்ச்மேன். கற்பகத்தின் புருஷன் இசக்கி அங்கே சோலார் தகடுகளைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறவன். போன செவ்வாய்க்கிழமை ஏழாவது வரிசையில் கரண்ட் அடித்தது. வலதுகை முழங்கை வரை கருகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சொன்ன பேச்சுக் கேட்காமல் ஈரக்கையோடு கரண்ட் பெட்டியைத் தொட்டான், நஷ்டஈடு கிடையாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது.

அந்த வரிசையில் எர்த் வயர் அறுந்து தொங்கியதைப் பத்து நாள் முந்தியே சங்கரபாண்டி கம்பெனி போனில் படம் பிடித்து இன்ஜினியரிடம் காட்டியிருந்தார். பார்ப்போம் என்றான். கரண்ட் அடித்த அன்று சாயங்காலமே எல்லார் போனையும் திருப்பிக் கேட்டார்கள். சங்கரபாண்டி யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தன் காசில் வாங்கிய கார்டை உருவிக்கொண்டு வெறும் போனைக் கொடுத்தார்.

வனிதா கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாள். எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினாள்.

"படம் உள்ளதான் இருக்கு அண்ணாச்சி. ஆனா பூட்டிருக்கு. எந்த போன்ல பூட்டுனீங்களோ அதுல மட்டும்தான் தொறக்கும்."

"நான் எங்க பூட்டுனேன்?"

"கார்டைப் பூட்டவான்னு இங்கிலீஷ்ல கேட்டிருக்கும். சரின்னு அமுக்கியிருப்பீங்க."

"அத அமுக்கலேன்னா போன்ல அட்டெண்டன்ஸ் விழாதுன்னானுவ. அமுக்குனேன்."

"அழிச்சிட்டு பாட்டாவது போட்டுத் தரட்டா?"

கற்பகம் வெடுக்கென்று கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வாங்க மாமா. அந்த போனையே கேப்போம்."

மதியப் பஸ்ஸில் போய்க் கம்பெனி முன்னால் இறங்கினார்கள். இன்ஜினியர் கேட்டுக்கு உள்ளே நின்றே பேசினான்.

"அந்த போனா? எல்லாத்தையும் அழிச்சு வேற ஆளுக்குக் குடுத்தாச்சே. அதுதான் ரூல்."

"அழிச்சிட்டா கார்டு தொறக்குமா சார்?" என்றாள் கற்பகம்.

"தொறக்காது." முந்தானை முடிச்சைப் பார்த்தான். "கார்டு அவர் காசுல வாங்குனதுதான? நீங்களே வச்சுக்கிடுங்க. நாங்க கேக்க மாட்டோம்."

சங்கரபாண்டி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கம்பிவேலி ஓரமாகவே நடந்தார்கள். ஏழாவது வரிசைக்கு நேரே வந்ததும் கற்பகம் நின்றாள்.

"எந்த எடம் மாமா?"

சங்கரபாண்டி கை நீட்டினார். தகடுகளைத் தாங்கும் இரும்புக் காலிலிருந்து பச்சையும் மஞ்சளுமாகப் புது எர்த் வயர், கரிசல் தூசி இன்னும் படியாமல், மண்ணுக்குள் இறங்கியிருந்தது.