மெழுகுவர்த்தி அசையாத வீடு

மனிதகுலம் குகையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து காற்றோடு நடத்திவந்த போரில் இறுதி வெற்றி கண்டவர் பசையார் ஒருவரே. இதை அவரே சொல்லித்தான் எல்லாருக்கும் தெரியும். மறுத்துப் பேசும் அளவுக்கு யாரும் அவர் எதிரில் நின்றதில்லை.

கதவு, ஜன்னல், சுவர் என்று கட்டடத்தின் இண்டு இடுக்குகளில் பசை பீய்ச்சி அடைப்பது அவர் தொழில். ஏசியின் குளிர் ஓடிவிடக் கூடாதென்று அலுவலகங்கள் அவரைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துக் கொளுத்தி, ஜன்னலோரமாகக் காட்டுவார். சுடர் அசையாது. வாடிக்கையாளர் வாய் பிளப்பார்.

"வாயை மூடுங்க சார், சுடர் ஆடுது" என்பார் பசையார்.

அப்பேர்ப்பட்டவர் சொந்த வீட்டைச் சும்மா விடுவாரா? அதிலும் கீழறையை? பாதி தரைக்கு மேலே, பாதி தரைக்குக் கீழே இருந்த அந்த அறைக்கு உச்சியில் ஒரே ஒரு நீள ஜன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. அவளும் மாப்பிள்ளையும் நாலு மாதப் பேத்தியும் இனி இந்தக் கீழறையில் தங்குவதாக ஏற்பாடு. பகலில் குழந்தையைப் பசையாரின் மனைவி பார்த்துக்கொள்வாள். மூன்று மாதம் ராப்பகலாக அடைத்தார். தொட்டில் கொக்கியில் தானே தொங்கிப் பார்த்தார். கொக்கி நின்றது, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த மாப்பிள்ளை, சனிக்கிழமை அறையைப் பார்க்க வந்தபோது சோப்பு டப்பா மாதிரி ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை மகளோடு வந்து எடுத்துப் பார்த்தார். முந்நூற்று நாற்பது.

"என்ன மாப்பிள்ளை, கடிகாரம் ரொம்ப வேகமா ஓடுதே?"

"ரேடான் மீட்டர் மாமா. ரேடான்னு ஒரு வாயு. மண்ணுலேருந்து தானா வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அடைச்ச ரூம்ல தங்கிடும். வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரலுக்கு ஆகாது. இது நூறுக்குக் கீழே இருந்தா நல்லது."

பசையார் சிரித்தார். மாப்பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது என்பதால் மரியாதையாகச் சிரித்தார்.

"படிச்சவரு, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ரூமுக்குள்ள கொசு வராது. பக்கத்து வீட்டுச் சண்டையே வராது. நல்ல நல்ல சண்டையெல்லாம் போச்சேன்னு உங்க அத்தைக்கு என் மேல கோபம். வாயு எப்படி வரும்?"

"வெளியிலேருந்து வரலை மாமா. அடியிலேருந்து வருது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா..."

"ஜன்னலைத் திறந்து காத்து வாங்கவா வீடு கட்டினேன்? அதுக்கு மரத்தடியில பாயை விரிச்சுப் படுத்துக்கலாமே! ஜன்னலைத் திறக்கறது தோத்துப்போனவன் வேலை மாப்பிள்ளை."

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, ஞாயித்துக்கிழமை பெட்டியோட வரோம். அதுக்குள்ள நூறுக்குக் கீழே இறங்கலைன்னா, பெட்டி எங்க மாமியார் வீட்டுக்குப் போகும். பாப்பாவும் கூடவே போவா."

"அந்த வீட்டுலயா! அங்க கதவே சரியா சாத்தாதேம்மா!"

"அதான் அங்க இருபது காட்டுது."

பசையாருக்கு மூச்சு அடைத்தது. அந்த அறையில் அது சுலபம்.

ஜன்னலைத் திறக்க மாட்டார். ஆனால் வாயுவை வெளியேற்றத் தடையில்லை. சலவைக்கடை ஒன்றில் கழற்றிப் போட்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை அன்று மாலையே வாங்கிவந்து, சுவரில் துளை போட்டுப் பொருத்தி, சுற்றிலும் பசை பீய்ச்சினார். போட்டதும் விமானம் கிளம்புகிற சத்தம். மாடியில் இருந்த மனைவி, "ஏங்க, எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை மீட்டர் அறுநூற்றுப் பத்தைக் காட்டியது.

"இந்த மீட்டர் மாப்பிள்ளை பக்கம்" என்றார் பசையார்.

"மீட்டருக்கு நம்ம சொந்தக்காரங்க யாரையும் தெரியாது" என்றாள் மனைவி. "உங்க மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பாருங்களேன். ஊர் வீடெல்லாம் கொளுத்தறீங்க."

சொந்த வீட்டையே சந்தேகப்படுவதா? மானத்தை அடக்கிக்கொண்டு, ஃபேன் ஓட ஓடக் கொளுத்தினார். ஜன்னலோரம், சுடர் சிலை மாதிரி நின்றது. கதவடியில், சிலை. பசையார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒப்புக்கு, மூலையில் இருந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னாலும் கையை நீட்டினார்.

யாரோ ஊதியது போல மெழுகுவர்த்தி அணைந்தது.

மெஷினை நகர்த்தினார். கழிவுநீர்க் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில், குழாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அடைக்கப்படாத இடைவெளி! மெஷின் வந்து இறங்கிய அன்று, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று அவர் விட்டது. மண்வாசனையோடு ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

மாப்பிள்ளைக்குப் போன் செய்து, "ஒரு கஸ்டமர் வீட்டுல..." என்று ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை எந்தக் கஸ்டமர் என்று கேட்கவில்லை. "ஃபேன் காத்தை வெளியே தள்ளினா, அந்த அளவு காத்து உள்ளே வந்தாகணும் மாமா. அந்த வீட்டுல எல்லா வழியையும் அடைச்சுட்டாங்க போல. தரைதான் பாக்கி. அதான் மண்ணுலேருந்து உறிஞ்சுது. ஓட்டையை அடைச்சிட்டு, வெளிக்காத்துக்கு ஒரு வழி விடச் சொல்லுங்க."

"அந்த ஆள் ரொம்பப் பிடிவாதக்காரரு மாப்பிள்ளை."

"பேத்தி இருக்காளான்னு கேளுங்க மாமா."

பசையார் போனை வைத்துவிட்டார்.

ஓட்டையை மூன்று டியூப் பசையால் அடைத்தார். வெள்ளிக்கிழமை காலை நூற்றுத் தொண்ணூறு. வேறெங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாக ஃபேன் இன்னும் மண்ணை உறிஞ்சிக்கொண்டிருந்தது. படுத்து, தவழ்ந்து, தரை முழுக்க மெழுகுவர்த்தியோடு ஊர்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்தபோது தொட்டில் தலையில் இடித்து, காலியாக ஆடியது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மதியம் மனைவி கடைக்குப் போனாள். பசையார் ஜன்னலடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினார், கையில் பேப்பர் வெட்டும் கத்தி. தன் பசைக்கு வாடிக்கையாளர்களுக்கு அவர் எழுதித் தரும் இருபது வருட உத்தரவாதத்தில் ஒரு நாள் கூடப் பொய் இல்லை என்பதை இரண்டு மணியிலிருந்து நாலரை வரை கண்டுகொண்டார். இரண்டு கத்தி உடைந்தது. கடைசியில் ஜன்னல் ஒரு முனகலோடு அசைந்தது. திறந்தால் தானே சாத்திக்கொண்டது. அப்படித்தான் அவர் பொருத்தியிருந்தார். முட்டுக் கொடுக்கச் சட்டைப் பையைத் துழாவினார். மெழுகுவர்த்தித் துண்டுதான் இருந்தது.

அதைப் படுக்கவைத்துச் செருகினார். திரையை முழுக்க இழுத்துவிட்டார். ஃபேனை மெதுவாக ஓடவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாசலில் நிற்க, மகள் முதலில் மீட்டரைத்தான் பார்த்தாள். அறுபத்தெட்டு.

"எப்படிப்பா?"

"அடைச்சேன்" என்றார் பசையார். குழாய் ஓட்டையை நினைத்துச் சொன்னதால் அது பொய்யில்லை.

அவருக்குப் பின்னால் திரை மெல்ல ஆடியது. மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"பிரமாதமா அடைச்சிருக்கீங்க மாமா."

பெட்டி உள்ளே வந்தது. பேத்தி தொட்டிலுக்குப் போனாள். சாயங்காலம் மனைவி, "ஏங்க, பாக்கெட்ல மெழுகுவர்த்தியைக் காணோமே?" என்றாள்.

"எரிஞ்சு தீந்துபோச்சு."

மறுநாள் காலை எல்லாரும் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பசையார் தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல எழுந்து கீழே இறங்கினார். மீட்டரைப் பார்த்தார். எழுபத்திரண்டு. நூறுக்கு எவ்வளவோ கீழேதான். ஆனாலும் தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஸ்டூலில் ஏறினார். ஜன்னல் இடுக்கில் படுக்கையாக இருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்தார்.