கண்டறிந்தது: இருட்டு

அந்தப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் ஒன்று. பிளஸ் டூ பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். அதற்கு முனைவர் தங்கராசு ஒரு முறை வகுத்து வைத்திருந்தார். வரிசையாக வர வேண்டும். இடது கண்ணை மூடி வலது கண்ணைக் குழாயில் வைக்க வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணியதும் நிமிர்ந்து "தெரியுது சார்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். பத்தே நிமிஷத்தில் அறிவியல் முடிந்துவிடும்.

பெயருக்கு முன்னால் 'முனைவர்' போடாமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. ஏரி நத்தைகளைப் பற்றிப் பதினொரு வருஷம் ஆராய்ந்து வாங்கிய பட்டம். நத்தையையே அனுப்பியிருந்தால் இதைவிடச் சீக்கிரம் போய் வாங்கி வந்திருக்கும் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக் கோட்டின் பையில் பட்டத்தையும் பெயரையும் சிவப்பு நூலில் தைத்திருந்தார். கையெழுத்து எப்போதும் பச்சை மையில்தான். பெரிய அதிகாரிகள் போடுகிற மை. தனியார் பள்ளி ஆசிரியர் போடக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்பார். ஐம்பத்து மூன்று வயதுக்கு உடம்பில் மற்றதெல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டது. மீசை மட்டும் ஒத்துக்கொள்ளாமல் கன்னங்கரேலென்று நின்றது.

அன்றைக்கு 'பாரமீசியம்: இணைவுறுதல்' ஸ்லைடு. பத்தொன்பதாவதாக வந்த லுப்னா குனிந்தாள், மூன்று எண்ணினாள், நிமிர்ந்தாள்.

"சார், ஒண்ணும் தெரியல."

"கண்ணைத் திறந்து பாரு."

"திறந்துதான் சார் இருக்குது. கும்மிருட்டா இருக்குது."

"அப்போ உனக்கு முன்னாடி பாத்த பதினெட்டு பேரும் பொய் சொன்னாங்களா?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும் சார்."

தங்கராசு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கங்க. பீர் முகமது மகளுக்கு மட்டும் தெரியலையாம். மிக்ஸி ரிப்பேர் கடையில வளந்த கண்ணு. ஜார்ல போட்டு அரைச்சுக் காட்டினாத்தான் தெரியும் போல."

வகுப்பு, கடமை தவறாமல் சிரித்தது.

கடையை இழுக்காமல் இருந்திருந்தால் லுப்னாவும் மற்றவர்களைப் போலத்தான் நடந்திருப்பாள். உண்மைக்காகக் கழுத்தை நீட்டும் ரகம் இல்லை அவள். மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வரும் அனந்திதான் வகுப்பில் முதல். அவள் ரெக்கார்டைப் பார்த்து எல்லோரும் வரைவார்கள். அனந்தி போன வருஷத்து முதல் மாணவியின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தவள். அந்த மாணவி அதற்கு முந்தைய வருஷத்ததைப் பார்த்து. இப்படியாக, யாரும் பார்க்காத பாரமீசியம் ஒன்று பல வருஷங்களாக நோட்டிலிருந்து நோட்டுக்கு இனப்பெருக்கம் செய்துகொண்டிருந்தது. நடுவில் யாருக்கோ பென்சில் வழுக்கியதில் ஒரு வால் முளைத்தது. அதற்கும் 'வால்' என்று அம்புக்குறி போட்டு, பச்சை மையில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

லுப்னா அன்று சாயங்காலம் தன் ரெக்கார்டில் வட்டம் ஒன்று போட்டாள். உள்ளே ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல் பென்சிலால் தேய்த்துக் கறுப்பாக்கினாள். எதிர்ப்பக்கத்தில் நோக்கம், செய்முறை எல்லாம் ஒழுங்காக எழுதி, கடைசியில் எழுதினாள்: 'கண்டறிந்தது: இருட்டு.'

மறுநாள் தங்கராசு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஏதோ செத்த எலியைப் பிடிப்பதுபோல நோட்டின் மூலையை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்குக் காட்டினார்.

"இன்னாம்மா இது?"

"பாத்ததை வரைஞ்சேன் சார்."

"நீ பாத்ததை எவன் கேட்டான்? ரெக்கார்டுன்னா பாக்கறதை வரையறதா? வரைய வேண்டியதை வரையறது!" சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே கொஞ்சம் இடறியிருக்க வேண்டும்; குரலை உயர்த்தி அதன்மேல் மண்ணைத் தள்ளினார். "திங்கட்கிழமை பிராக்டிகல். ரெக்கார்டு முடியாதவங்க உள்ளயே வர முடியாது. நீ இங்க நின்னு, எல்லார் முன்னாடியும் 'தெரியுது சார்'னு சொல்லணும். அதுவரைக்கும் இந்தப் பக்கத்துல ஒருத்தருக்கும் கையெழுத்து கிடையாது. நாப்பத்திரண்டு பேருக்கும்!"

லுப்னாவுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் வேண்டும். அங்கே அரை மார்க் இடைவெளிக்குள் ஊர் உலகமே நெருக்கியடித்து நிற்கும். பிராக்டிகல் மார்க் போனால் இந்த வருஷம் அவ்வளவுதான். இது தங்கராசுவுக்கும் தெரியும். தெரிந்துதான் கையெழுத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாளும் வகுப்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. செருப்பில் ஒன்று காணாமல் போனது. அவள் உள்ளே வந்தாலே ஹர்ஷவர்தன் பெஞ்சைத் தட்டி, "டேய், கரண்டு போயிடுச்சுடா!" என்பான். வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் அனந்தி வழியை மறித்தாள்.

"ரெண்டே வார்த்தைடி. சொல்லித் தொலைச்சா வாய் வெந்துடுமா?"

"உனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கும் ஒரு எழவும் தெரியல. அதுக்கு இன்னா இப்போ? எல்லாரும் தெரியுதுன்னுதான் சொன்னோம். உன்னால இப்போ என் ரெக்கார்டும் தொங்குது."

"வாலோட தொங்கட்டும்."

"திமிரு புடிச்சவ," என்று சொல்லிவிட்டு அனந்தி பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லுப்னா சாப்பிடாமல் ஆய்வகத்துக்குப் போனாள். பணிந்துவிடலாமா என்ற யோசனையும் இருந்தது. அதற்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றுதான் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

ஓடாத மிக்ஸி கடைக்கு வந்தால் அவள் அத்தா பீர் முகமது அதை உடனே கழற்ற மாட்டார். கரண்டு எங்கிருந்து வருகிறது என்று முதலில் ஒயரைப் பிடித்துக்கொண்டே போவார். அவளுக்கும் அதே பழக்கம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்காமல் கீழே குனிந்தாள். வெளிச்சம் எங்கிருந்து வரணும்? ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் ஒரு வளையம் இருந்தது. வளையத்துக்குள் இருக்க வேண்டிய கண்ணாடி இல்லை. ஓட்டை வழியாக மேசைதான் தெரிந்தது.

கண்ணாடியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தங்கராசுவின் மேசையில், பாடம் செய்த தவளை ஜாடிமேல் சாய்ந்து நின்றது. வட்டமாக, உள்ளங்கை அகலம், நடுவில் லேசாகக் குழிந்த கண்ணாடி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்த கறுப்புச் சாயம், ஈரம் காயாத பழைய டூத் பிரஷ். குழிந்த கண்ணாடி எதையும் பெரிதாக்கிக் காட்டும். ஒற்றை நரை மயிரும் தப்பாது.

லுப்னா அதைத் துடைத்து வளையத்தில் பொருத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ராஜகிரி மலைப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துத் திருப்பினாள். குழாயில் கண்ணை வைத்தாள்.

வட்டம் முழுக்க வெளிச்சம். நடுவில் இரண்டு உயிர்கள், பள்ளிவாசல் படியில் ஒட்டிக் கழற்றிப் போட்ட ஜோடிச் செருப்பு மாதிரி, பக்கம் ஒட்டிக் கிடந்தன. ஓரமெல்லாம் பூனைமுடி. வால் இல்லவே இல்லை. அவள் மூன்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இருநூறு தாண்டியிருக்கும்.

"ஏய்! யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

தங்கராசு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாதி வேலையில் தாளாளர் கூப்பிட்டனுப்ப, பல்வலி என்று சொல்லிப் பேசிவிட்டு வந்திருக்கிறார். இவளைப் பார்த்த கோபத்தில் கைக்குட்டை இறங்கியது. மீசையின் வலது பக்கம் முப்பது வயது. இடது பக்கம் அறுபது.

"தெரியுது சார்," என்றாள் லுப்னா.

"இன்னா?"

"சொல்லச் சொன்னீங்களே. இப்போ தெரியுது. அன்னிக்கு வெளிச்சம் இங்க இல்ல, உங்க மேசையில இருந்துச்சு."

அவர் தவளை ஜாடியைப் பார்த்தார். அதில் சாய்ந்திருந்த கண்ணாடியைக் காணோம். "அதைக் கழட்டிக் குடு. ஸ்கூல் சொத்து."

"அதான் சார் ஸ்கூல் சொத்துல மாட்டியிருக்கேன்."

"இத்தனை வருஷமா வெளியூர் எக்ஸாமினருங்களே குனிஞ்சு பாத்து, 'தெரியுது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க! நீ பெரிய…" என்றவர், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று பாதியில் வாயை மூடினார். வராந்தாவில் தாளாளரின் செருப்புச் சத்தம் கேட்டது. மேல்மாடி வகுப்புகளைப் பார்க்கப் போகிறார் போல.

லுப்னா ரெக்கார்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். "கையெழுத்து சார்."

"இப்பத்தான் தெரியுதுன்றியே. ஒழுங்கா வரைஞ்சு எடுத்துட்டு வா, போடறேன்."

"அன்னிக்குப் பாத்தது இதான் சார். இதுக்குத்தான் போடணும்." வராந்தாப் பக்கம் தலையைத் திருப்பினாள். "இல்ல, தாளாளர் சாரையும் ஒரு தடவை பாக்கச் சொல்லலாம். மைக்ராஸ்கோப்பையும், உங்களையும்."

தங்கராசு பேனாவைத் திறந்தார். முதலில் ஒரு வரி எழுதினார்: 'மாணவிக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது.'

"அதை அடிங்க சார்."

"உன்னை இன்டர்னல்ல பாத்துக்கறேன்."

"பாருங்க. இதை அடிங்க."

அடித்தார். கறுப்பு வட்டத்துக்குக் கீழே பட்டத்தோடு, தேதியோடு, பச்சை மையில் கையெழுத்திட்டார். நிப்பு காகிதத்தைக் கிழிக்காதது ஆச்சரியம். பிறகு கைக்குட்டையை எடுத்து மறுபடி பல்வலிக்காரர் ஆனார்.

மை காயவில்லை. அதனால் லுப்னா நோட்டை விரித்தபடியே வகுப்புக்குள் வந்தாள். முதலில் ஹர்ஷவர்தன் பெஞ்சைத் தட்டப் போனான். பச்சையைப் பார்த்ததும் கை நின்றது. அனந்தி எழுந்து வந்து நோட்டைப் பிடுங்காத குறையாகப் பார்த்தாள்.

"போட்டுட்டாரா? இதுக்கா?"

"போட்டுட்டாரு. ஆனா இப்போ மைக்ராஸ்கோப்புல நல்லாவே தெரியுது. போய்ப் பாருங்க, கதவு திறந்துதான் இருக்குது. ரெண்டு இருக்குது, வாலே இல்ல."

ஒருத்தரும் நகரவில்லை. அனந்தி தன் இடத்துக்குப் போய் ரெக்கார்டை விரித்தாள். அழகாக, நுணுக்கமாக, வாலோடு வரைந்த பாரமீசியத்தை ரப்பரால் அழிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழித்தார்கள்.

"போய்ப் பாருங்கடின்றேன்," என்றாள் லுப்னா.

"பாத்து இன்னா பண்றது? கையெழுத்து இதுக்குத்தானே விழுந்திருக்குது," என்றாள் அனந்தி, தலை நிமிராமல். "நோட்டை இப்படித் திருப்பி வை. இதுக்கு எந்தப் பென்சில்டி, டூ பி-யா?"